ஆறு விநாடி மூச்சு

யாராவது உங்களை மூச்சைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, விடச் சொல்ல மறந்துபோயிருக்கிறார்களா?

மூச்சக்கா ஒருநாளும் மறந்ததில்லை. பதினோரு வருஷமாக ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், சி.டி. ஸ்கேன் அறையின் தடித்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, மைக்கில் மூன்றே மூன்று வாக்கியம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். “மூச்ச நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க. இப்ப விடுங்க.” ஒரு நாளைக்கு இருபது பேர், இருபத்திரண்டு பேர். அவர்கள் பிடிக்கும்போது அவளும் தன்னை அறியாமல் பிடித்துக்கொள்வாள். விடச் சொல்லிவிட்டுத்தான் தானும் விடுவாள். இதைப் பார்த்துவிட்டு யாரோ வைத்த பெயர்தான் மூச்சக்கா. சம்பளச் சீட்டில் இருக்கிற பெயரைச் சொல்லி அங்கே யாரும் கூப்பிட்டதில்லை.

அந்த மூன்று வாக்கியத்தைச் சொல்ல ஆளே தேவையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இயந்திரத்திலேயே பதிவுசெய்த குரல் ஒன்று இருக்கிறது. “மூச்சை உள்ளிழுத்து நிறுத்தவும்” என்று ரேடியோவில் செய்தி வாசிப்பது மாதிரி சொல்லும். வயசானவர்கள் அதைக் கேட்டு, யார் பேசுவது என்று தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள். அதனால்தான் மைக்கில் பேசுகிறேன் என்பாள் மூச்சக்கா. அது உண்மைதான். அதோடு இன்னொன்றும் உண்டு. சில நாள் காலையிலிருந்து ராத்திரிவரை அவள் வாய் திறந்து பேசுவது அந்த மூன்று வாக்கியத்தோடு சரி.

ஊரைவிட்டு வேலைக்கென்று இவ்வளவு தூரம் வந்தபோது கணவர் கூட இருந்தார். அவர் இறந்துபோய் எட்டு வருஷம். மகன் வேறொரு ஊரில். மாசத்துக்கு இரண்டு தடவை காரை ஓட்டிக்கொண்டே பேசுவான். சுரங்கப்பாதை வந்தால் பேச்சு அறுந்துவிடும். திரும்பக் கூப்பிடுவான் என்று போனைக் கையிலேயே வைத்திருப்பாள். சமையல் மேடைக்கும் கட்டிலுக்கும் நடுவில் நாலடி இடைவெளி உள்ள ஒற்றை அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் சுவர். வேலைக்குப் போகாத நாளில் அந்தச் சுவரில் வெயில் இறங்குவதைப் பார்த்துத்தான் மணி தெரிந்துகொள்வாள்.

டிரைவர் முதல் தடவை வந்தது ஆறு மாசத்துக்கு முன்னால். முப்பது வருஷம் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அறுபத்தாறு வயது, தனிக்கட்டை. விடாத இருமலுக்குப் படம் எடுக்க அனுப்பியிருந்தார்கள். இருமல் தன்னால் போய்விட்டது. ஆனால் படத்தில் இடது நுரையீரலின் அடியில், வயிற்றையும் நெஞ்சையும் பிரிக்கிற சவ்வுக்குச் சற்று மேலே, ஒரு சின்னக் கட்டி தெரிந்தது. எட்டு மில்லிமீட்டர். ஒரு பட்டாணி அளவு.

இந்த மாதிரிக் கட்டி பல பேருக்கு இருக்கும். பெரும்பாலும் பழைய சளி விட்டுப்போன தழும்புதான், ஒன்றும் செய்யாது. சிலது மட்டும் வேறு ரகம். ஒரே ஒரு படத்தைப் பார்த்து இது எந்த ரகம் என்று அடித்துச் சொல்ல முடியாது. வளர்கிறதா, எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதைப் பொறுத்துத்தான் முடிவு. அதனால் மூன்று மாசம் கழித்து வரச்சொன்னார்கள். பிறகு இன்னொரு மூன்று மாசம்.

வளர்ச்சியைக் கணிக்க ஒரு கம்ப்யூட்டர் நிரல் உண்டு. பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கட்டியின் முழுப் பருமனையும் அளந்து, ஆறு மாசத்தில் எப்படி இருக்கும், ஒரு வருஷத்தில் எப்படி இருக்கும் என்று கோடு போட்டுக் காட்டும். கீழ்த்தளத்தில் அதற்குப் பெயர் சோசியர். “சோசியர் வந்தாச்சா?” என்றால் முடிவு வந்துவிட்டதா என்று அர்த்தம்.

டிரைவருக்கு இதெல்லாம் ஒரே வேடிக்கை. இரண்டாவது தடவை வந்தபோது படுக்கையில் படுத்துக்கொண்டு, “நம்ம வண்டியில டிக்கெட் எடுக்காம ஒருத்தன் ஏறி உக்காந்திருக்கான், அப்படித்தானே?” என்றார்.

“அவன் சும்மா வர்றானா, வம்பு பண்ண வர்றானான்னுதான் பாக்கப்போறோம் டிரைவர் சார்.”

“பாத்து வைங்க மூச்சம்மா. என் சர்வீஸ்ல எவனையும் பாதி வழியில இறக்கி விட்டதில்ல. இவன்தான் முதல் ஆளு.”

படம் எடுத்து முடித்தும் அவர் உடனே கிளம்ப மாட்டார். சட்டைப் பித்தான் போடுவதற்கே கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார். மழை நாளில் பிரேக் பிடித்த கதை, கடைசி வண்டியில் தூங்கிப்போய் டெப்போவரை வந்துவிட்ட கல்யாண மாப்பிள்ளை கதை. மூச்சக்கா அடுத்த ஆளுக்குப் படுக்கையைத் துடைத்துக்கொண்டே கேட்பாள். ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பாள்.

மூன்றாவது தடவை அவர் வருகிற செவ்வாய்க்கிழமைக்காக அவள் இரண்டு வாரமாகக் காத்திருந்தாள். பட்டியலில் அவர் பேரைப் பார்த்ததும் தலையை இன்னொரு தடவை வாரிக்கொண்டாள். அவரிடம் சொல்ல ஒரு ஜோக்கைக்கூட யோசித்து வைத்திருந்தாள். ஜோக் சொல்லிப் பழக்கமில்லாதவர்களுக்கு எப்போது சொல்வது என்பதுதான் பிடிபடாது.

அவர் படுத்தார். கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டார். படுக்கை உள்ளே நகர்ந்தது.

“மூச்ச நல்லா இழுங்க,” என்றாள் மைக்கில். “அப்படியே பிடிங்க.”

ஆறு விநாடிதான். கழுத்தில் ஆரம்பித்து வயிறுவரை இயந்திரம் சுற்றிக்கொண்டே இறங்கும். மேல் பாதி முடிந்திருக்கும். அவள் விரல் மைக் பொத்தானிலேயே இருந்தது. நாக்கு சும்மா இருக்கவில்லை.

“உள்ள ஒருத்தர் பெல் அடிக்கிறார் டிரைவர் சார். இறங்கணுமாம்.”

கண்ணாடி வழியாக அவருடைய வயிறு குலுங்குவது தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அவள் சொன்னதற்கு ஒருவர் வயிறு குலுங்கச் சிரித்தது அன்றைக்குத்தான். அவளுக்குக் காதுமடல்வரை சூடேறியது.

படங்கள் திரையில் ஓடின. மேலே எல்லாம் பளிச்சென்று இருந்தது. அடியில் லேசாக ஓர் ஆட்டம். விதிப்படி அந்தப் பகுதியை மட்டும் திரும்ப எடுக்க வேண்டும். எடுத்தால் காரணம் எழுத வேண்டும். வெளியே ஆக்சிஜன் உருளையோடு வார்டிலிருந்து வந்த ஒரு நோயாளி தள்ளுவண்டியில் காத்திருந்தார். பரவாயில்லை, தெரிகிறமாதிரிதான் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படத்தை மேலே அனுப்பிவிட்டாள்.

“மூச்சம்மா, நீங்க கண்டக்டரா வந்திருக்கணும்,” என்று சொல்லிவிட்டுப் போனார் டிரைவர். அந்த வாரம் முழுக்க அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவள் சந்தோஷமாக இருந்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் டிரைவர் படியிறங்கி வந்தார். பட்டியலில் அவர் பேர் இல்லை. கையில் ஒரு பழுப்பு உறை. முகத்தில் சிரிப்பு இருந்தது, ஆனால் மாட்டி வைத்த மாதிரி இருந்தது.

“சோசியர் கைய விரிச்சிட்டார் மூச்சம்மா.”

“என்ன சார் சொல்றீங்க?”

“மூணு மாசத்துல ரெண்டு மடங்காம். போற போக்கப் பாத்தா ஒரு வருஷத்துல எலுமிச்சம்பழமாம். ஊசி போட்டுச் சதை எடுத்துப் பாக்கலாம்னா, இதயத்துக்குப் பக்கத்துல உக்காந்திருக்கான், எட்டாதாம். நுரையீரல்ல அடிப்பாகத்தையே வெட்டி எடுத்துடறாங்களாம். அடுத்த வியாழக்கிழம.”

மூச்சக்கா மனசுக்குள் கணக்குப் போட்டாள். எட்டு மில்லிமீட்டர் பத்து என்று தெரிந்தாலே போதும், பருமன் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று கணக்கு வரும். படம் எடுக்கிற எல்லோருக்கும் இது தெரியும். ஆடிப்போன படத்தில் எட்டு பத்தாகத் தெரிவதற்கு ஒரு சிரிப்பு போதும் என்பதும் தெரியும்.

அவர் உறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். “இதுல ஒரு கட்டம் இருக்கு. நெருங்கின சொந்தம், இல்லாட்டி கூட இருக்கிறவர் பேருன்னு. மேல கவுண்டர்ல இருக்கிற பொண்ணு மூணு தடவ கேட்டுட்டா. வீட்டு மீன் தொட்டியில ஏழு பேர் இருக்காங்க, அதுங்க பேர எழுத முடியுமா சொல்லுங்க.” படிவத்தை அவள் பக்கம் திருப்பினார். “உங்க பேர எழுதிக்கவா?”

சொல்லியிருக்க வேண்டியது அப்போதுதான். அவள் சொன்னது, “எழுதிக்குங்க சார்.”

அவருக்கு அவளுடைய நிஜப் பேர் தெரியாது. கேட்டு, எழுத்துக் கூட்டி எழுதினார். போன் நம்பரையும் எழுதினார். உறவு என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்துவிட்டு, “தெரிந்தவர்” என்று போட்டார்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு கடையில் நின்று, சூடு ஆறாத மூன்று அடுக்குப் பாத்திரம் ஒன்றைப் பார்த்தாள். ஆபரேஷன் முடிந்தால் பத்து நாள் வார்டில் இருப்பார். வேலை முடிந்ததும் மாடி ஏறிப் போய்ப் பார்க்கலாம். தலையணை சரிசெய்யலாம். நர்ஸ் வந்து “நீங்கதானே கூட இருக்கிறவங்க?” என்று கேட்பாள். ஆமாம் என்று சொல்லலாம். பத்து நாள். மூடியைத் திறந்து பார்த்து, மூடி, திரும்பத் திறந்து பார்த்தாள். கடைக்காரர், “வேணுமாம்மா?” என்றார். அப்போதுதான் தான் எதற்கு ஆசைப்பட்டுக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. பாத்திரத்தைச் சூடான அடுப்பிலிருந்து இறக்கி வைப்பது மாதிரி வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

வீட்டில் தங்கை வீடியோவில் கூப்பிட்டாள்.

“அக்கா, சாப்பிட்டியா? ஏன் மொகம் ஒரு மாதிரி இருக்கு?”

“ஒரு தப்புப் பண்ணிட்டேன்டி.”

“என்னக்கா? ஒரு நிமிஷம் இரு, குக்கர் கூப்பிடுது. வச்சிடாத.”

தங்கை போனை எங்கேயோ மல்லாக்க வைத்துவிட்டுப் போனாள். திரையில் அவள் வீட்டுக் கூரை தெரிந்தது. மின்விசிறி சுற்றியது. தூரத்தில் யாரோ யாரையோ திட்டினார்கள், யாரோ சிரித்தார்கள், ஒரு கதவு சாத்தியது. மூச்சக்கா பதினேழு நிமிஷம் அந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தங்கை வந்து, “ஐயோ அக்கா, இன்னும் லைன்லயா இருக்க? என்னமோ சொன்னியே?” என்றாள்.

“ஒண்ணுமில்ல. பாலப் பொங்க விட்டுட்டேன்.”

“அதுக்கா இந்த மொகம்?” என்று தங்கை சிரித்தாள்.

சனியும் ஞாயிறும் சுவரில் வெயில் இறங்கி ஏறியது. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே போய், யாரும் வருவதற்குள் அந்தப் படத்தைத் திறந்தாள். குறுக்குவெட்டாகப் பார்த்தால் சட்டென்று பிடிபடாது. நேர் எதிரே நின்று பார்ப்பதுபோல் திருப்பிவைத்தாள். நுரையீரலுக்கு அடியில் கவிழ்த்த கிண்ணம்போல் வழவழப்பாக இருக்க வேண்டிய விளிம்பு, படிப்படியாக உடைந்து கிடந்தது. மூன்று படி. மூன்று குலுக்கல். அவர் எத்தனை தடவை குலுங்கினார் என்பதுகூட அதில் பதிவாகியிருந்தது. அதற்கு மேலே அந்தக் கட்டி, ஈரக் காகிதத்தில் வைத்த மைப்புள்ளி மாதிரி பரவியிருந்தது. சோசியர் அந்தக் கசிவையும் சேர்த்து அளந்திருக்கிறார்.

ஒன்பது மணிக்கு, படம் பார்த்து அறிக்கை எழுதுகிற டாக்டரம்மாவின் அறைக் கதவைத் தட்டினாள். மூச்சக்காவின் மகன் வயசுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. இருட்டறையில் இரண்டு திரைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

“சொல்லுங்கக்கா.”

“வியாழக்கிழம ஆபரேஷன் இருக்கே, பஸ் டிரைவர். அந்தப் படம் ஆடியிருக்கு டாக்டர். திரும்ப எடுக்கணும்.”

டாக்டரம்மா படத்தைத் திறந்து, திருப்பிப் பார்த்தாள். “ச்சே. நான் இத திருப்பிப் பாத்திருக்கணும். அன்னிக்கு நாப்பது கேஸ்.” பிறகு, “மூச்சு பிடிக்க முடியலயா அவரால? அப்படின்னா மறுபடி எடுத்தாலும் இதேதான வரும்?” என்றாள்.

இப்படியே தலையாட்டியிருக்கலாம். தப்பிக்க டாக்டரம்மாவே வழி திறந்து வைத்திருந்தாள்.

“நல்லாப் பிடிச்சார். நான்தான் சிரிக்க வச்சேன்.”

“புரியல.”

“பிடிச்சிருக்கும்போது மைக்ல ஒரு ஜோக் சொன்னேன்.”

டாக்டரம்மா நாற்காலியைத் திருப்பி அவளைப் பார்த்தாள். “என்ன ஜோக்?”

“உள்ள ஒருத்தர் பெல் அடிக்கிறார், இறங்கணுமாம்னு.” அந்த அறையில் அது ஜோக்காகவே இல்லை. “அவர் பஸ் டிரைவர்,” என்று சேர்த்துச் சொன்னாள். அதற்கும் ஒன்றும் ஆகவில்லை.

“ஏங்க்கா, அடிப்பாகத்தையே வெட்டியிருப்பாங்க. தெரியுமில்ல?”

“தெரியும் டாக்டர்.”

“வெள்ளிக்கிழமையே தெரியுமா?”

மூச்சக்கா தரையைப் பார்த்தாள். “தெரியும்.”

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரு படிவத்தை எடுத்து நீட்டினாள். நடந்தது என்ன, யாரால், காரணம் என்று மூன்று கட்டம். முதல் இரண்டையும் சட்டென்று நிரப்பிவிட்டாள். மூன்றாவதில் “கவனக்குறைவு” என்று எழுதினாள். அது பொய் என்று பட்டது. அடித்துவிட்டு “நகைச்சுவை” என்று எழுதினாள். அது இன்னும் மோசமாக இருந்தது. கடைசியில் “பேசினேன்” என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மறு ஸ்கேன் புதன்கிழமை காலை. மூச்சக்கா அன்றைக்கு அந்த அறைக்குள் போகக் கூடாது என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். எக்ஸ்ரே பக்கம் வேலை பார்க்கிற ஆள் வந்து எடுத்தான். அவள் தாழ்வாரத்தில், துணி மாற்றுகிற அறைக்குப் பக்கத்தில் நின்றாள். கதவுக்கு உள்ளேயிருந்து பதிவுசெய்த குரல் கேட்டது. “மூச்சை உள்ளிழுத்து நிறுத்தவும்.” அவளும் நிறுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். ஆறுக்குப் பிறகும் அந்தக் குரல் வாயைத் திறக்கவில்லை. ஒரே விநாடிதான் தாமதம், ஆனால் அவளுக்குக் கண் இருட்டியது. “இப்போது சுவாசிக்கலாம்.”

சோசியர் பதினொரு மணிக்கு வந்தார். எட்டு மில்லிமீட்டர். ஆறு மாசமாக அதே எட்டு. அடுத்த ஒரு வருஷத்துக்கும் கோடு தரையோடு தரையாக ஓடியது. ஆபரேஷன் வேண்டாம், ஒரு வருஷம் கழித்து வந்தால் போதும் என்று டாக்டரம்மா டிரைவரிடம் சொன்னாள். ஏன் இப்படி ஆனது என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

டிரைவர் தாழ்வாரத்தில் வரும்போது சட்டைப் பித்தானை எல்லாம் போட்டு முடித்திருந்தார்.

“நல்ல சேதி சார்,” என்றாள் மூச்சக்கா.

“ஆமா மேடம்.”

அவள் காதில் முதலில் விழுந்தது அந்த மேடம்தான்.

“மன்னிச்சிடுங்க சார். அன்னிக்கே நான் திரும்ப எடுத்திருக்கணும்.”

“நானும் சிரிச்சிருக்கக் கூடாது.” அவர் உறையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். “மீனயெல்லாம் கீழ் வீட்டுக்குத் தூக்கிக் குடுத்துட்டேன். தொட்டியோட. போய்ட்டு வர்றோமோ இல்லயோன்னு. அந்த வீட்டுப் பிள்ளைங்க பேரெல்லாம் வச்சிட்டாங்க. இனிமே போய்த் திருப்பிக் கேக்க முடியுமா?”

“நான் வேணா வந்து பேசிப் பாக்கவா?”

“வேணாம் மேடம். எதுக்கு.”

இரண்டு பேரும் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்தார்கள். கர்ப்பமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லவும் என்று போட்டிருந்தது.

“அஞ்சு ராத்திரி தூங்கல,” என்றார் டிரைவர். கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த நிறுத்தம் எது என்று சொல்வதுபோல் சொன்னார். “அந்த ஃபாரத்த மேல கிழிச்சுப் போட்டுட்டாங்க. உங்க பேரு இப்ப எங்கயும் இல்ல. ராத்திரி எவனாவது போன் பண்ணுவானோன்னு கவலப்படாதீங்க.”

“பண்ணினா என்ன சார்,” என்றாள். அது அவருக்குக் கேட்கவில்லை, அல்லது கேட்காதது மாதிரி இருந்துவிட்டார். தள்ளுவண்டி ஒன்று வந்தது. அதற்கு வழிவிட்டு ஒதுங்கியவர், அப்படியே படியேறிப் போனார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படிக்குப் படி நிதானமாக. நுரையீரல் முழுசாக இருந்தது.

மத்தியானம் மேலதிகாரி கூப்பிட்டு, எழுத்தில் ஓர் எச்சரிக்கை கொடுத்தார். இனிமேல் பதிவுக் குரல் மட்டும்தான், மைக் பொத்தான் அவசரத்துக்கு மட்டும் என்றார். சரி சார் என்றாள். சாயங்காலம் நேரத்துக்குக் கிளம்பி, கடை பக்கம் திரும்பாமல் வீட்டுக்குப் போனாள். சோறு வைத்தாள். மகன் கூப்பிடுகிற நாள் அல்ல. ஜன்னலைச் சாத்தினாள்.

மறுநாள் காலை பட்டியலில் பத்தொன்பது பேர் இருந்தார்கள். மைக் பொத்தானைத் தொடாமலே பத்தொன்பது பேரையும் எடுத்தாள். ஒருவருடையதையும் திரும்ப எடுக்க வேண்டியிருக்கவில்லை.